இஸ்திரி போட்ட கையோடு ஃபிரிட்ஜைத் திறக்காதே: ஸ்பானிய மொழி வீடுகளின் சூடு-குளிர் நம்பிக்கைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோ, கொலம்பியா, பெரு, ஸ்பெயின் என்று எந்த நாட்டுக்காரர்களானாலும் சரி, ஸ்பானிய மொழி பேசும் குடும்பத்தோடு கொஞ்ச நாள் பழகினாலே சில எச்சரிக்கைகள் திரும்பத் திரும்பக் காதில் விழும். “தலை ஈரத்தோடு வெளியே போகாதே.” “வெறுங்காலோடு நிற்காதே, செருப்பைப் போடு.” “இப்பத்தானே சாப்பிட்டே, தண்ணீரில் இறங்காதே.” அங்கே படிக்கப் போனவர்கள், அந்தக் குடும்பங்களில் சம்பந்தம் செய்தவர்கள், அமெரிக்காவில் அவர்களோடு ஒரே இடத்தில் வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் வரும் சந்தேகங்கள்தான் கீழே இருப்பவை.

இவர்கள் பயப்படுவது குளிருக்கா?

குளிருக்கு என்று சொல்லிவிட முடியாது. ஆண்டிஸ் மலையில் 3,500 மீட்டர் உயரத்தில் ஆடு மேய்க்கிறவர்களுக்குக் குளிர் அன்றாட விஷயம். பயமெல்லாம் மாற்றத்தைப் பற்றித்தான். உடம்பு சூடாக இருக்கும்போது அது ‘திறந்து’ இருக்கிறது, அந்த நேரத்தில் குளிர் பட்டால் உள்ளே புகுந்து தங்கிவிடும், பிறகு லேசில் வெளியேறாது என்பது கணக்கு.

இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அடுப்படியில் நின்றவர், இஸ்திரி போட்டவர், ஓடியாடி வியர்த்தவர், வெந்நீரில் குளித்தவர், படுக்கையிலிருந்து அப்போதுதான் எழுந்தவர், மாதவிலக்கில் இருப்பவர், பிள்ளை பெற்றவர் எல்லோரும் ‘திறந்து’ இருப்பவர்கள். ஃபிரிட்ஜ் கதவு, ஓடு பதித்த தரை, ஜன்னல் இடுக்குக் காற்று, இரவுப் பனி, ஐஸ் தண்ணீர் எல்லாம் உள்ளே நுழையக் காத்திருப்பவை. பத்து டிகிரிக் குளிரில் நாள் முழுக்க வேலை பார்த்தவருக்கு ஒன்றும் ஆகாது, முப்பது டிகிரி வெயிலில் வியர்த்துக் களைத்து மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்தவருக்குத்தான் ஆபத்து. அவர்கள் தர்க்கப்படி இதில் முரண்பாடே இல்லை.

எல்லா நாட்டிலும் ஒரே நம்பிக்கைதானா?

அடிப்படை ஒன்று, பெயர்களும் அழுத்தமும் வேறு. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் ‘ஐரே’ (காற்று) பட்டுவிட்டது என்பார்கள். எக்வதோர், பெரு பக்கம் அதுவே ‘மால் ஐரே’, கெட்ட காற்று. அங்கே அது வெறும் குளிர்காற்றாக மட்டும் இருப்பதில்லை. மயானம், பாழடைந்த வீடு போன்ற இடங்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவதும் அதே பெயரில்தான். புவேர்த்தோ ரிக்கோவிலும் கியூபாவிலும் ‘பாஸ்மோ’ என்ற சொல் வரும், சூட்டிலிருந்து குளிருக்குப் போனதால் உடம்பு விறைத்துப்போவது. கொலம்பியா, வெனிசுவேலாவில் ‘செரெனோ’, அதாவது இரவுப் பனிக்காற்று. ஸ்பெயினில் ‘கோர்ரியெந்தே’: இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே ஓடும் காற்று. பஸ்ஸில் ஒருவர் ஜன்னலைத் திறந்ததும் பின்னாலிருந்து ஒரு பாட்டி “மூடு, மூடு, கோர்ரியெந்தே அடிக்குது” என்பது அங்கே சாதாரணம்.

நகரத்து இளைஞர்களில் பலர் இதையெல்லாம் கேலி செய்வார்கள். ஆனால் கேலி செய்துகொண்டே செருப்பைத் தேடுவார்கள்.

இஸ்திரி போட்டபின் குளிர்ந்த நீரில் கை கழுவக் கூடாது என்பது ஏன்?

மெக்சிகோவில் இது ஏறக்குறைய ஒரு வீட்டுச் சட்டம். துணிக்கூடை காலியாகும் வரை இஸ்திரி போட்ட கை சூடாக இருக்கிறது. அந்தக் கையை உடனே குழாய் நீரில் காட்டினால் விரல் மூட்டுகள் வீங்கும், வயதான பிறகு கை கோணிப்போகும் என்பார்கள். ஃபிரிட்ஜைத் திறப்பதும் அதே குற்றம். இஸ்திரியை இரவில், எல்லா வேலையும் முடிந்தபின், நேரே படுக்கப் போகும்படி வைத்துக்கொள்கிற பெண்கள் உண்டு. அவசரமாக எதையாவது எடுக்க வேண்டுமென்றால் பிள்ளையைக் கூப்பிட்டு ஃபிரிட்ஜைத் திறக்கச் சொல்வார்கள்.

மூட்டுவாதம் இப்படி வருவதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. முடக்குவாதம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே தாக்குவதால் வருவது. வயதானவர்களின் மூட்டுத் தேய்மானத்துக்கு வயது, பரம்பரை, பழைய காயம், வருடக்கணக்கான கைவேலை எல்லாம் காரணம். குளிர்ந்த நீர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஏற்கெனவே மூட்டு வலி இருப்பவருக்குக் குளிர் பட்டால் விறைப்பு கூடும். குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் ரேனோ என்ற நிலையும் உண்டு, அது பெண்களுக்கே அதிகம். ஆயுசு முழுக்கத் துவைத்து இஸ்திரி போட்ட ஒரு பாட்டியின் விரல்கள் கடைசியில் கோணிப்போகும்போது, பேத்தியின் கண்ணுக்கு இஸ்திரியும் தண்ணீரும்தானே காரணமாகத் தெரியும்?

என் பார்வையில் இந்த நம்பிக்கைக்கு ஒரு பயனும் இருந்தது. இஸ்திரி முடித்தவள் உடனே பாத்திரம் கழுவ வேண்டியதில்லை. மாமியாரே மறுக்க முடியாத ஓய்வு அது.

‘ஐரே பட்டு வாய் கோணிப்போச்சு’ என்கிறார்களே, அது என்ன?

காலையில் எழுந்து பார்த்தால் முகத்தில் ஒரு பக்கம் தொங்கிவிட்டது, கண் மூடவில்லை, குடித்த காபி வாயோரம் வழிகிறது. சூடான அறையிலிருந்து சட்டென்று குளிர்காற்றில் இறங்கியதால் ஐரே அடித்தது என்பது மெக்சிகோ முதல் சிலி வரை சொல்லப்படும் விளக்கம். மருத்துவத்தில் இதற்குப் பெல்லின் முகவாதம் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முக நரம்பை ஆராய்ந்த ஸ்காட்லாந்து மருத்துவர் சார்ல்ஸ் பெல்லின் பெயரால் வந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 15 முதல் 30 பேருக்கு வருகிறது. காதுக்குப் பின்னால் குறுகலான எலும்புக் குழாய் வழியே வரும் முக நரம்பு வீங்கி நசுங்குவதுதான் நடப்பது. வாயோரக் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பீஸ் கிருமி நரம்புக்குள் மீண்டும் விழித்துக்கொள்வது காரணமாக இருக்கலாம் என்பது பலர் ஏற்கும் கருத்து. குளிர்காற்றுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானே சரியாகிவிடும். நம்பிக்கை நிலைத்ததற்கு இதுவே பெரிய காரணம் என்று தோன்றுகிறது. என்ன வைத்தியம் செய்தாலும், நடுவில் சரியாகிவிடுகிறது, பெயர் வைத்தியருக்குப் போகிறது.

ஆனால் இந்தப் பக்கத்தில் நான் கறாராகச் சொல்ல நினைக்கும் இடம் இது. பக்கவாதமும் முகத்தைக் கோணச் செய்யும். பெல்லின் முகவாதத்தில் பாதிக்கப்பட்ட பக்கத்து நெற்றியைச் சுருக்க முடியாது. மூளைப் பக்கவாதத்தில் பொதுவாக நெற்றி சுருங்கும், வாய் மட்டும் கோணும், கூடவே கை தளரும், பேச்சு குழறும். இந்த வித்தியாசத்தை வீட்டிலேயே பார்த்து முடிவு செய்ய வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள். மூளை இரத்தக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். பெல்லின் முகவாதமே ஆனாலும் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். “ஐரேதான், வெந்நீர் ஒத்தடம் கொடு” என்று மூன்று நாள் போனால் இரண்டுமே கை நழுவிவிடும்.

ஈரத் தலையோடு வெளியே போனால் சளி பிடிக்குமா?

சளி கிருமியால் வருவது. ரைனோவைரஸ் மட்டுமே 150-க்கு மேல் வகை உண்டு. கிருமி இல்லாத இடத்தில் தலை எவ்வளவு நனைந்தாலும் சளி வராது. 1968-ல் அமெரிக்காவில் சிறைவாசிகள் மீது ஒரு சோதனை நடந்தது. அவர்கள் மூக்கில் ரைனோவைரஸைச் செலுத்தி, சிலரைக் குளிரில் நிறுத்தினார்கள், சிலரைச் சாதாரணமாக விட்டார்கள். இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பாட்டிகள் தோற்றார்கள் என்று எல்லோரும் எழுதினார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2005-ல் வேல்ஸின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 180 பேரைக் கூட்டி, 90 பேரின் கால்களைக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் வைக்கச் சொன்னார்கள். மீதி 90 பேர் காலிப் பாத்திரத்தில் கால் வைத்து உட்கார்ந்தார்கள். அடுத்த நாலைந்து நாளில் குளிர்ந்தவர்களில் 13 பேரும் மற்றவர்களில் 5 பேரும் தங்களுக்குச் சளி பிடித்ததாகச் சொன்னார்கள். அவர்களுக்குக் கிருமிச் சோதனை செய்யவில்லை, அவர்களே சொன்னதுதான் கணக்கு. ஆகவே இதைத் தீர்ப்பாக எடுக்க முடியாது. 2015-ல் யேல் பல்கலைக்கழகத்தில், எலிகளின் சுவாசக் குழாய்ச் செல்களை வைத்து வேறொன்றைக் காட்டினார்கள்: மூக்கினுள் இருக்கும் 33 டிகிரி வெப்பநிலையில், உடம்பின் 37 டிகிரியைவிட, ரைனோவைரஸுக்கு எதிரான முதல்கட்டப் பாதுகாப்பு மந்தமாகிறது, கிருமி நன்றாகப் பெருகுகிறது.

ஆக, குளிர் சளியை உண்டாக்காது. ஏற்கெனவே மூக்கில் குடியேறிய கிருமிக்கு அது வழிவிடலாம். ஈரத் தலை அதற்குப் போதுமா என்பது வேறு விஷயம். அதை யாரும் நிரூபிக்கவில்லை.

வெறுங்காலோடு குளிர்ந்த தரையில் நடந்தால்?

சிறுநீர்க் கடுப்பு வரும், சிறுநீரகம் கெடும், மாதவிலக்கு வலி கூடும், பின்னாளில் பிள்ளை தங்காது என்று அடுக்குவார்கள். கடைசி இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. முதலாவது அவ்வளவு அபத்தமில்லை. நார்வேயில் 1992-ல் வெளியான ஒரு சிறிய சோதனையில், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்களின் கால்களைக் குளிரவைத்தபோது சிலருக்குத் தொற்று அறிகுறிகள் தென்பட்டன. ஏற்கெனவே கிருமி இருப்பவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். செருப்புப் போடுவதால் யாருக்கும் நஷ்டமில்லை, போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பெயினில் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் நீச்சல் என்கிறார்களே?

ஸ்பெயினில் வளர்ந்த யாரிடமும் கேளுங்கள், கோடை விடுமுறையின் பெரிய கொடுமை இதுதான் என்பார்கள். மதியம் நீச்சல்குளக் கரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை “இப்ப இறங்கலாமா?” என்று கேட்பதும், அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து “இன்னும் முக்கால் மணி நேரம்” என்பதும் அவர்கள் எல்லோருக்கும் பொதுவான நினைவு. விதியை மீறினால் ‘கோர்த்தே தெ திஹெஸ்தியோன்’ வரும், செரிமானம் நடுவில் அறுந்துபோகும், தண்ணீரிலேயே மயங்கிச் சாவாய் என்று பயமுறுத்துவார்கள். சாப்பிட்டதன் கனத்தைப் பொறுத்து நேரம் கூடும் குறையும். ஒரு தர்பூசணித் துண்டுக்கு எவ்வளவு என்று குடும்பத்துக்குள் வழக்கே நடக்கும்.

மயங்கி மூழ்குவது உண்மையில் நடக்கிறது. ஆனால் அதில் வயிற்றுக்குப் பங்கு குறைவு. வெயிலில் சுட்டுப்போன உடம்பு குளிர்ந்த நீரில் ஒரே பாய்ச்சலாக விழும்போது இரண்டு எதிரெதிர் உத்தரவுகள் பிறக்கின்றன. தோலில் பட்ட குளிர், இதயத்தை வேகமாக அடிக்கச் சொல்லி, தன்னையறியாமல் மூச்சை இழுக்கவைக்கிறது. வாய் தண்ணீருக்கடியில் இருந்தால் அந்த ஒரு மூச்சு போதும். அதே நேரம் முகத்தில் பட்ட குளிர், இதயத்தை மெதுவாக அடிக்கச் சொல்கிறது. இந்த இழுபறியில் சிலருக்கு இதயத்துடிப்பு தடுமாறும். இதைத்தான் ஸ்பெயின் மருத்துவர்கள் ‘இத்ரோகுத்சியோன்’ என்கிறார்கள். மலை ஆறுகளிலும் அணைக்கட்டுகளிலும் இது கூடுதல் ஆபத்து, 15 டிகிரிக்குக் கீழே இருக்கும் தண்ணீர் முதல் ஓரிரு நிமிடத்திலேயே ஆளைத் திணறடிக்கும்.

பாட்டி இரண்டு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டார், ஆனால் அவரிடமே சரியான மருந்தும் இருந்தது. ஸ்பெயினில் வயதானவர்கள் கடலில் இறங்குவதைக் கவனித்தால் தெரியும். முதலில் கணுக்கால், பிறகு குனிந்து மணிக்கட்டில் தண்ணீர், பிடரியில் தண்ணீர், வயிற்றில் ஒரு கை தண்ணீர், ஒரு பெருமூச்சு, அப்புறம்தான் முழுக்கு. மெதுவாக இறங்கச் சொல்லும் இன்றைய உயிர்காப்பாளர்களின் அறிவுரையும் கிட்டத்தட்ட இதுதான். கடிகாரத்தை விட்டுவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வயிறு முட்டச் சாப்பிட்டு, கூடவே மது குடித்திருந்தால் மட்டும் காத்திருப்பது நல்லது. மது விஷயத்தில் இரண்டு மணி நேரம் போதவே போதாது.

வியர்வையோடு குளிர்ந்த நீர் குடித்து ஒரு ராஜாவே செத்தாராமே?

‘அழகர் ஃபிலிப்’ என்று வரலாறு அழைக்கும், இன்றைய ஸ்பெயினில் இருந்த கஸ்தீயா நாட்டின் முதலாம் ஃபிலிப். 1506 செப்டம்பரில் பர்கோஸ் நகரில் பெலோத்தா பந்து விளையாடி வியர்த்துக் களைத்தவர், ஒரு கூஜா குளிர்ந்த நீரை மடமடவென்று குடித்தார், காய்ச்சலில் விழுந்தார், 25-ஆம் தேதி இறந்தார் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. வயது 28. மனைவி ஹுவானா கணவன் பிரேதத்தோடு ஊர் ஊராகப் போனதும், ‘பைத்தியக்காரி ஹுவானா’ என்று பெயர் வாங்கியதும் தனிக் கதை. இவர்களின் மகன்தான் பேரரசர் ஐந்தாம் கார்லோஸ்.

இறந்ததும் காய்ச்சலும் உண்மை. தண்ணீர்தான் காரணம் என்பதை இன்று எந்த மருத்துவரும் ஏற்கமாட்டார். தொற்றுக் காய்ச்சலாக இருக்கலாம் என்பார்கள். மாமனார் ஃபெர்னாந்தோ விஷம் வைத்தார் என்று அப்போதே வதந்தி ஓடியது. ஆனால் வியர்வையோடு விளையாடிவிட்டு வரும் பையனைத் தடுக்க ஒரு ராஜாவின் மரணத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? ஆரோக்கியமானவர் வியர்வையோடு குளிர்ந்த நீர் குடிக்கலாம். வெயிலில் உழைத்தவருக்கு அது தேவையும்கூட.

‘செரெனோ’ என்றால் என்ன?

மாலை மயங்கியபின் இறங்கும் பனியும் ஈரக்காற்றும். கரீபியத் தீவுகளிலும் கொலம்பியக் கடற்கரையிலும் கைக்குழந்தையை இருட்டியபின் வெளியே எடுத்தால் தலையை மூடாமல் விடமாட்டார்கள். 28 டிகிரிப் புழுக்கத்திலும் கம்பளித் தொப்பி போட்ட குழந்தையை அங்கே பார்க்கலாம். பனி எதையும் செய்யாது. ஆனால் மலேரியா பரப்பும் அனோஃபிலிஸ் கொசு அந்திமுதல் விடியல்வரை கடிப்பது. இருட்டியதும் கதவை அடைத்து உள்ளே இருந்தவர்கள், காரணம் தெரியாமலேயே கொசுவிடமிருந்து ஓரளவு தப்பித்திருப்பார்கள். புழுக்கத்தில் குழந்தையை மூட்டை கட்டுவது மட்டும் கூடாது. அதிகமாகப் போர்த்துவது, கைக்குழந்தைகள் தூக்கத்திலேயே இறப்பதற்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்று.

பிரசவித்த பெண்ணுக்கு என்ன கட்டுப்பாடு?

‘குவாரெந்தெனா’, நாற்பது நாள். இந்த நம்பிக்கைகளின் மையமே இதுதான். பிரசவம் என்பது உடம்பு முழுசாகத் திறந்துவிடும் ஒரே தருணம், சூடெல்லாம் இரத்தத்தோடு வெளியேறிவிட்டது. ஆகவே தலையும் காதும் மூடியிருக்க வேண்டும், காதில் பஞ்சு வைக்க வேண்டும், வயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும், பச்சைத் தண்ணீரைத் தொடக் கூடாது. மெக்சிகோவில் கோழிச் சாறு, இலவங்கப்பட்டை போட்ட சாக்லேட், சோள மாவில் காய்ச்சும் ‘அதோலே’ எல்லாம் உண்டு. தர்பூசணியும் வெள்ளரியும் பன்றிக்கறியும் கிடையாது. பல கிராமங்களில் ‘தெமஸ்கால்’ என்ற சிறிய நீராவிக் குளியல் அறைக்கு, மருத்துவச்சியே பிரசவித்தவளை அழைத்துப் போவார். ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் வழக்கம் அது. இதைப் படிக்கும் நம் பெண்கள் பலருக்குத் தங்கள் பத்தியமும் காதுப் பஞ்சும் நினைவுக்கு வந்திருக்கும்.

விதியை மீறினால் தண்டனை இருபது வருடம் கழித்துக்கூட வரும். ஐம்பது வயதில் தலைவலி வந்தால், “மூத்தவனைப் பெத்தப்போ பதினைஞ்சாம் நாளே துணி துவைச்சேன்” என்று காரணம் சொல்லும் பெண்கள் உண்டு. பெருவிலும் பொலிவியாவிலும் ‘சோப்ரெபார்த்தோ’ என்று ஒரு நோயே உண்டு. பிரசவத்துக்குப் பின் குளிரோ காற்றோ தண்ணீரோ பட்டதால் வரும் நடுக்கம், காய்ச்சல், உடம்புவலி. இங்கேதான் கவனம் வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சலும் நடுக்கமும் கருப்பைத் தொற்றாக இருக்கலாம், அதற்கு உடனே ஆன்டிபயாட்டிக் தேவை.

மறுபக்கமும் உண்டு. ஆண்டிஸ் மலைக் கிராமத்துப் பெண்கள் பலர் மருத்துவமனைப் பிரசவத்தைத் தவிர்த்ததற்கு, ஓடு பதித்த குளிர் அறை, முதுகு திறந்த மெல்லிய அங்கி, குளிர்ந்த நீரால் கழுவிவிடுவது எல்லாம் காரணங்களாக இருந்தன. மருத்துவர்கள் இதை அறியாமை என்று ஒதுக்கிய காலம் நீண்டது. 2005-ல் பெருவின் சுகாதார அமைச்சகம், உட்கார்ந்தோ நின்றோ பிள்ளை பெறவும், உறவினர் உடனிருக்கவும், உள்ளூர் வழக்கத்தை மதிக்கவும் வழிசெய்யும் விதிமுறையை வெளியிட்டது. அறையைச் சூடாக வைத்து, சொந்த உடையில் இருக்கவிட்டு, சூடான கஷாயம் கொடுத்தால் பெண்கள் வரத் தயாராகத்தான் இருந்தார்கள்.

சாப்பாட்டிலும் மருந்திலும்கூட சூடு-குளிர் பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். 1971-ல் ஆலன் ஹார்வுட் என்ற மானிடவியலாளர் நியூயார்க்கில் வாழும் புவேர்த்தோ ரிக்கோக்காரர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார். அவர்கள் நோய்களைச் சூடு, குளிர் என்று இரண்டாகப் பிரித்தார்கள். உணவையும் மருந்தையும் சூடு, குளுமை, குளிர் என்று மூன்றாக. பென்சிலின் சூடு. கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச் சத்து மாத்திரையும் சூடு. கர்ப்பமே சூடான நிலை என்பதால், குழந்தைக்கு மேலெல்லாம் சிவந்துவிடும் என்று பயந்து மாத்திரையைத் தவிர்த்தார்கள். டின்னில் வரும் கெட்டிப் பாலும் சூடுதான், சாதாரணப் பால் குளுமை. டாக்டர் டின் பாலை எழுதிக் கொடுத்ததும் வீட்டுக்குப் போய் அம்மா சாதாரணப் பாலுக்கு மாற்றிவிடுவார்.

ஹார்வுட்டின் யோசனை எளிமையானது. சண்டை போடாதீர்கள், இரும்பு மாத்திரையைப் பழச்சாற்றோடு எடுக்கச் சொல்லுங்கள், சாறு குளுமை, சூடு சமமாகிவிடும் என்றார். ஆரஞ்சுச் சாறாக இருந்தால் அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பு ஏற்க உதவவும் செய்யும். இப்படி யோசிக்கும் மருத்துவர்கள் குறைவு.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது? நம் ஊர்ச் சூடு-குளிர்ச்சியோடு தொடர்பு உண்டா?

கிரேக்கத்தில் ஹிப்போக்ரட்டீஸ், பிறகு காலென் வளர்த்த நான்கு நீர்மக் கொள்கையில் இரத்தம் சூடும் ஈரமும், சளி குளிரும் ஈரமும், மஞ்சள் பித்தம் சூடும் வறட்சியும், கறுப்புப் பித்தம் குளிரும் வறட்சியும். அரபு மொழியில் எழுதிய மருத்துவர்கள் இதை எடுத்து வளர்த்தார்கள். இப்னு சீனாவின் நூல் ஸ்பெயினின் தொலேதோ நகரில் லத்தீனுக்குப் போய் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பாடமானது. 16-ஆம் நூற்றாண்டில் பாதிரியாரோடும் மருத்துவரோடும் கப்பலேறி அமெரிக்கக் கண்டம் போய்ச் சேர்ந்தது.

அங்கே போய்ச் சேர்ந்ததா, அங்கேயே ஏற்கெனவே இருந்ததா என்பதில் நீண்ட தகராறு. மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்து ட்சின்ட்சுன்ட்சான் கிராமத்தில் பல பத்தாண்டுகள் ஆய்வு செய்த ஜார்ஜ் ஃபாஸ்டர், இது முழுக்க ஐரோப்பிய இறக்குமதி என்று வாதிட்டார். மெக்சிகோ வரலாற்றாசிரியர் அல்ஃப்ரெதோ லோபெஸ் ஆஸ்தின், சூடு-குளிர் இருமை அஸ்தெக் மக்களின் உலகப் பார்வையிலேயே ஊறியது என்று பதில் சொன்னார். எனக்கு இரண்டாமவர் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. வந்த விதைக்கு மண் ஏற்கெனவே பதமாக இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மலைக்காடுகள் வரை இவ்வளவு ஆழமாக வேர் விட்டிருக்காது.

நம் சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் வேறு மரபு. அவற்றின் வாத பித்த கபமும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் நேரடி உறவு ஒன்று நம்மூரிலேயே இருக்கிறது: யுனானி. காலெனும் இப்னு சீனாவும்தான் அதற்கும் மூலம். சென்னை அரும்பாக்கத்திலுள்ள அரசு யுனானி மருத்துவக் கல்லூரியின் பாடமும் மெக்சிகோ பாட்டியின் இஸ்திரி எச்சரிக்கையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

காற்று பட்டுவிட்டால் என்ன வைத்தியம்?

ஒரு நாணயத்தின் மேல் பஞ்சோ சிறு மெழுகுவர்த்தியோ கொளுத்தி, வலிக்கிற முதுகில் வைத்து மேலே கண்ணாடித் தம்ளரைக் கவிழ்ப்பார்கள். தீ அணைந்ததும் சதை உள்ளே மேலெழும்பும், காற்று வெளியே வருகிறது என்பார்கள். காதில் காற்றுப் புகுந்தால் செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டிக் காதில் வைத்து மறுமுனையைக் கொளுத்துவது உண்டு. இதைச் செய்யவே கூடாது. தீக்காயம் பட்டவர்கள் உண்டு, உள்ளே இருந்து எதையும் அது உறிஞ்சுவதும் இல்லை. முட்டையால் உடம்பைத் தடவி எடுப்பது, நாம் அருவதா என்கிற அதே வகைச் செடியைச் சாராயத்தில் ஊறவைத்துத் தேய்ப்பது எல்லாம் உண்டு. அருவதாச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளிக்கும். கர்ப்பிணிகள் அதை உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே விக்ஸ். ‘விவாபோரு’ என்று செல்லமாக அழைப்பார்கள். நெஞ்சில், முதுகில், மூக்கோரத்தில், கடைசியாக உள்ளங்காலில் பூசிக் காலுறையை இழுத்துவிடுவார்கள். கற்பூரம் இருப்பதால் இரண்டு வயதுக்குக் கீழே கூடாது.

வானிலையைப் பற்றியும் பழமொழிகள் உண்டா?

ஏராளம். மே மாதம் நாற்பதாம் தேதி வரை மேலங்கியைக் கழற்றாதே என்பது ஸ்பெயினில் எல்லோரும் அறிந்தது. ‘மே நாற்பது’ என்றால் ஜூன் 9. வசந்தம் வந்துவிட்டதென்று ஏமாந்தவனைக் கடைசிக் குளிர் பிடிக்கும் என்பது பொருள். மத்ரித் காற்றைப் பற்றி இன்னொன்று: அது அவ்வளவு நுட்பமானது, ஆளைக் கொல்லும், ஆனால் விளக்கை அணைக்காது. குவாதராமா மலையிலிருந்து சத்தமில்லாமல் இறங்கும் குளிர்காற்றுக்குச் சொன்னது.

திடீர்ச் சூட்டுக்கும் பயம் உண்டு. அர்ஜென்டினாவின் சான் ஹுவான், மெந்தோசா மாநிலங்களில் ஆண்டிஸிலிருந்து ‘சோந்தா’ காற்று இறங்கும்போது, குளிர்கால நாளில்கூட வெப்பம் சில மணி நேரத்தில் கிடுகிடுவென ஏறும், காற்று வறண்டு புழுதி கிளம்பும். தலைவலி, எரிச்சல், வீட்டுச் சண்டை எல்லாவற்றுக்கும் சோந்தாமேல் பழி போடுவார்கள். புழுதிக்கும் மரம் விழுவதற்கும் பயந்து பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறையும் விடுவார்கள்.

அப்படியானால் திடீர் வெப்ப மாற்றம் யாருக்குத்தான் உண்மையில் ஆபத்து?

இதய நோயாளிகளுக்கு. குளிர் பட்டதும் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக் குழாயைச் சுருக்கும். குளிர் பட்டால் தடித்துச் சிவக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் சிலருக்குக் குளிர்ந்த நீரில் குதிப்பதே உயிருக்கு ஆபத்தாகலாம். ஏ.சி. அறைக்குள் வெளியே என்று மாறி மாறிப் போவதால் தொண்டை வறளும், அதற்குமேல் ஆரோக்கியமானவருக்கு ஒன்றுமில்லை.

ஸ்பானிய மாமியார் சொன்னால் என்ன செய்வது?

செருப்பைப் போடுங்கள், தலையைத் துவட்டுங்கள், கொடுக்கும் கோழிச் சாற்றைக் குடியுங்கள். விவாதம் செய்து யாரும் ஜெயித்ததில்லை. மூன்று இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: காய்ச்சலில் கொதிக்கும் குழந்தைக்கு மேலும் மேலும் போர்த்துவது, முகம் கோணியவரை வீட்டிலேயே வைத்திருப்பது, பிரசவித்தவளின் காய்ச்சலைக் காற்று பட்டது என்று தள்ளிப்போடுவது. அப்போதும் “உங்கள் வைத்தியமும் இருக்கட்டும், போகிற வழியில் டாக்டரையும் பார்த்துவிடலாம்” என்று சொன்னால் பெரும்பாலும் அவரே சால்வையை எடுத்துக்கொண்டு கூட வருவார். சால்வை உங்களுக்கு, காரில் ஏ.சி. இருக்குமே.